ஆறு மாசம் ஃபுளோரிடா, ஆறு மாசம் நியூஜெர்சி: 401கே பணத்துக்கு வரி எந்த ஸ்டேட்டுக்கு?

நியூஜெர்சியிலயோ நியூயார்க்லயோ இருபது முப்பது வருஷம் வேலை பார்த்துட்டு ரிட்டையர் ஆகுற நம்ம ஆளுங்க பல பேர் இப்ப என்ன பண்றாங்கன்னா, பழைய வீட்டை விக்காம வச்சுக்கிட்டு ஃபுளோரிடாவுல டாம்பா பக்கமோ ஆர்லாண்டோ பக்கமோ சின்னதா இன்னொரு வீடு வாங்கிடறாங்க, குளிர் வந்தா அங்க, வெயில் ஏறினா இங்க, பேரப்பிள்ளைங்க ஸ்கூல் லீவுன்னா இங்க. வாழ்க்கைக்கு நல்ல ஏற்பாடு தான். ஆனா வரி பத்திப் பேச்சு எடுத்தா எல்லாரும் சொல்றது ஒரே விஷயம்: "183 நாள் ஃபுளோரிடாவுல இருந்தா போதும், ஸ்டேட் டாக்ஸே கிடையாது." இது பாதி தான் சரி. மீதிப் பாதியை யாரும் சொல்லித் தர்றதில்ல, அதனால தான் மூணு வருஷம் கழிச்சு பழைய ஸ்டேட்லேர்ந்து லெட்டர் வர்றப்ப திகைச்சுப் போறாங்க. இன்னொரு பக்கம், மிச்சம் பண்ண ஸ்டேட் டாக்ஸே இல்லாதவங்க கூட வரிக்காகன்னு நினைச்சு வீடு மாத்தறாங்க, அது எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு.

முதல்ல ஒரு பயத்தைத் தீர்த்துடலாம். "நியூயார்க்ல இருந்து சம்பாதிச்ச பணம் தானே 401கேல (கம்பெனி மூலமா சேர்த்த ரிட்டையர்மென்ட் சேமிப்புக் கணக்குல) இருக்கு, நான் வேற ஸ்டேட்டுக்குப் போனாலும் நியூயார்க் விடுமா?" விட்டே ஆகணும். எப்பவும் இப்படி இருந்ததில்ல. 1990கள்ல கலிஃபோர்னியா மாதிரி சில ஸ்டேட், அங்க வேலை பார்த்துட்டு நெவாடாவுல போய் செட்டில் ஆனவங்க கிட்ட கூட, இது எங்க ஊர்ல சம்பாதிச்ச பென்ஷன் தான்னு சொல்லி வரி கேட்டுக்கிட்டு இருந்தது. ரிட்டையர் ஆனவங்க அதை எதிர்த்து வருஷக்கணக்கா குரல் கொடுத்ததுக்கு அப்புறம் தான் 1996 ஜனவரியில அதிபர் கிளின்டன் கையெழுத்துப் போட்டு ஃபெடரல் சட்டம் வந்தது. நீங்க ஒரு ஸ்டேட்ல குடியிருப்பவரா இல்லன்னா, உங்க 401கே, 403பி, 457, ஐஆர்ஏ மாதிரி ரிட்டையர்மென்ட் கணக்கு, அரசாங்க பென்ஷன், ராணுவ பென்ஷன் எதுக்கும் அந்த ஸ்டேட் வரி போடக்கூடாது. சம்பாதிச்சது எங்கேங்கறது கணக்கே இல்ல, பணத்தை எடுக்கறப்ப நீங்க எந்த ஊர்க்காரர்ங்கறது தான் கணக்கு.

ஆனா அந்தச் சட்டத்துக்குள்ளயே ஒரு வாசகம் இருக்கு, நீங்க குடியிருப்பவரா இல்லையான்னு முடிவு பண்றது அந்தந்த ஸ்டேட்டோட சட்டப்படி தான். அதாவது நியூயார்க் உங்களை விடணுமா வேண்டாமான்னு பார்க்கறதுக்கு நியூயார்க்கோட விதியையே தான் பார்ப்பாங்க. மொத்த சிக்கலும் இந்த இடத்துல தான் ஆரம்பிக்குது.

அதுக்குப் போறதுக்கு முன்னாடி உங்க கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க, ஏன்னா இப்ப இருக்கற ஸ்டேட்டே உங்க ரிட்டையர்மென்ட் பணத்துக்கு வரி போடலன்னா இந்த அலைச்சல் எதுக்கு? நியூஜெர்சியையே எடுத்துக்கலாம், வரி அதிகம்னு பேர் வாங்கின ஸ்டேட். அங்க சோஷியல் செக்யூரிட்டிக்கு (ஃபெடரல் அரசாங்கம் தர்ற ஓய்வுக்கால மாசப் பணம்) வரி கிடையாது, அது வருமானக் கணக்குலயே வராது. 62 வயசுக்கு மேல, மொத்த வருமானம் 1,00,000 டாலருக்குள்ள இருந்தா, கணவன் மனைவி சேர்ந்து ஃபைல் பண்றப்ப பென்ஷன், 401கே, ஐஆர்ஏ பணத்துல 1,00,000 வரைக்கும் கழிச்சுக்கலாம், தனி ஆளுன்னா 75,000. இப்ப ஒரு ஜோடி, ரெண்டு பேரும் 65 தாண்டினவங்க, சோஷியல் செக்யூரிட்டி 48,000, 401கேலேர்ந்து 70,000, வட்டி டிவிடெண்ட் 12,000 வருதுன்னு வைங்க. கையில வர்றது 1,30,000. நியூஜெர்சி பார்க்கறது 82,000 தான், அதுல 70,000 அப்படியே கழிஞ்சுடும், மிச்சம் 12,000, அதையும் கழிப்புல மீதி இருக்கற இடத்துல போட்டுக்க வழி இருக்கு. ஸ்டேட் வருமான வரி பூஜ்யம். இவங்க ஃபுளோரிடா போனாலும் பூஜ்யம் தான்.

இதே ஜோடி யாரோ சொன்னாங்கன்னு அந்த வருஷம் 1,00,000 டாலர் ராத் கன்வர்ஷன் (401கே பணத்துக்கு இப்பவே வரி கட்டி ராத் கணக்குக்கு மாத்தறது) பண்ணாங்கன்னா கதை மாறிடும். நியூஜெர்சி பார்க்கற வருமானம் 1,82,000 ஆயிடும், 1,50,000 தாண்டினா அந்தக் கழிப்பு முழுசா போயிடும், கொஞ்சம் கொஞ்சமா குறையறது எல்லாம் 1,50,000 வரைக்கும் தான், அதுக்கு மேல ஒரு டாலர் வந்தாலும் எதுவும் கிடையாது. பூஜ்யம் கட்டிக்கிட்டு இருந்தவங்க ஏழாயிரம் டாலரை ஒட்டிக் கட்டணும், சொத்து வரியைக் கழிச்சா அதுல கொஞ்சம் குறையும். ஆக, வருஷா வருஷம் 1,50,000க்கு மேல வர்றவங்களுக்கும், பெரிய கன்வர்ஷன் பண்ண இருக்கறவங்களுக்கும், 73 வயசுல (1960லயோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்களுக்கு 75) 401கேலேர்ந்து கட்டாயம் எடுக்க வேண்டிய தொகை பெருசா வரப்போறவங்களுக்கும் தான் நியூஜெர்சியை விட்டுப் போறதுல உண்மையான லாபம் இருக்கு. மத்தவங்களுக்கு அந்த ஊரோட நிஜமான செலவு சொத்து வரி, அது பழைய வீட்டை வச்சுக்கிட்டே இருக்கற வரைக்கும் எங்க போய் இருந்தாலும் வந்துக்கிட்டே தான் இருக்கும்.

ஸ்டேட்டுக்கு ஸ்டேட் இது ரொம்ப மாறும். பென்சில்வேனியாவுல வருமான வரி 3.07 சதவீதம் இருக்கு, ஆனா முறைப்படி ரிட்டையர் ஆகி எடுக்கற 401கே, பென்ஷனுக்கு அது கிடையாது. இல்லினாய்லயும் அப்படித்தான், 4.95 சதவீதம் வரி இருந்தும் ரிட்டையர்மென்ட் பணத்தைத் தொடறதில்ல. நியூயார்க்ல 59½ வயசுக்கு அப்புறம் ஆளுக்கு 20,000 தான் கழிப்பு, கணவர் பேர்ல மட்டும் 401கே இருந்தா மனைவியோட 20,000ஐ இவர் எடுத்துக்க முடியாது. ஆனா நியூயார்க் அரசாங்க பென்ஷனா இருந்தா முழுசும் விலக்கு. கலிஃபோர்னியா சோஷியல் செக்யூரிட்டியை விட்டுடும், மத்ததுக்கு சம்பளம் மாதிரியே முழு வரி. அதனால இல்லினாய்ல சிகாகோ பக்கம் இருக்கறவர் வரிக்காக ஃபுளோரிடா போகணும்னு துடிக்கறதும் கலிஃபோர்னியாவுல சான் ஹோசேல இருக்கறவர் துடிக்கறதும் ஒண்ணு இல்ல.

சரி, இப்ப நாள் கணக்குக்கு வருவோம். பழைய ஸ்டேட் உங்களைப் பிடிச்சு வைக்கறதுக்கு ரெண்டு தனித்தனி வழி வச்சிருக்கு, பெரும்பாலானவங்களுக்கு ரெண்டாவது மட்டும் தான் தெரியும். முதல் வழி டொமிசைல். உங்க நிரந்தர வீடு எது, எங்க போனாலும் திரும்பி வர்ற இடம்னு மனசுல எதை வச்சிருக்கீங்க, அது. ஒரு ஆளுக்கு ஒரு நேரத்துல ஒரு டொமிசைல் தான், புதுசு ஒண்ணு உறுதி ஆகற வரைக்கும் பழசு ஒட்டிக்கிட்டே இருக்கும், மாத்திட்டேன்னு நிரூபிக்கற பொறுப்பும் உங்களோடது. ரெண்டாவது வழி தான் நாள் கணக்கு. டொமிசைல் வேற ஊர்னே இருந்தாலும், இங்க நிரந்தரமா தங்கற மாதிரி ஒரு வீடு வச்சுக்கிட்டு 183 நாளுக்கு மேல இங்க இருந்தீங்கன்னா அந்த வருஷம் முழுசுக்கும் நீங்க இந்த ஊர் ரெசிடென்ட். நியூஜெர்சி, நியூயார்க் ரெண்டுலயும் இந்த விதி இருக்கு.

இதைக் கவனிங்க, எண்ணறது ஃபுளோரிடாவுல எத்தனை நாள்னு இல்ல, நியூயார்க்ல எத்தனை நாள்னு தான். ஒரு நாள்ல கொஞ்ச நேரம் இருந்தாலும் அது முழு நாள், சாயங்காலம் ஏழு மணிக்கு நியூயார்க் லகார்டியா ஏர்போர்ட்ல இறங்கி வீட்டுக்குப் போனா அது ஒரு நாள், மறுநாள் காலையில கிளம்பினா அதுவும் ஒரு நாள். வேற ஊருக்குப் போற வழியில ஏர்போர்ட்ல விமானம் மாறினா மட்டும் அதைக் கணக்குல சேர்க்கறதில்ல, ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகி இருந்த நாளுக்கும் விலக்கு உண்டு.

நம்ம ஆளுங்க கிட்ட தான் இதுல தனியா ஒரு சிக்கல் வருது, இந்தியா. நாலரை மாசம் நியூஜெர்சி எடிசன், நாலு மாசம் டாம்பா, மூணரை மாசம் சென்னை, இப்படி இருக்கறவங்க "நியூஜெர்சியில 183 நாள் ஆகவே இல்லயே"ன்னு நிம்மதியா இருக்காங்க. நாள் கணக்கு வழியில பிரச்னை இல்ல, சரி. ஆனா டொமிசைல் வழியில பாருங்க: ஃபுளோரிடாவை விட நியூஜெர்சியில அதிக நாள், பெரிய வீடு அங்க, டாக்டர் அங்க, சென்னைக்கு ஃப்ளைட் ஏறறது நெவார்க்லேர்ந்து, திரும்பி வர்றதும் நெவார்க்குக்கே. நிரந்தர வீடு மாறிடுச்சுன்னு இதை வச்சு யாரை நம்ப வைக்க முடியும்? சென்னை நாள் நியூஜெர்சி கணக்குல ஏறாது, அதே மாதிரி ஃபுளோரிடா கணக்குலயும் ஏறாதே. என்னைக் கேட்டா, இந்தியாவுக்கு நீளமா போறவங்க பழைய ஸ்டேட்ல இருக்கற நாளை 183க்குக் கீழ வச்சா மட்டும் போதாது, புது ஸ்டேட்ல இருக்கறதை விட தெளிவாக் கம்மியா வச்சுக்கணும்.

டொமிசைல் ஆடிட்ல நியூயார்க் அஞ்சு விஷயம் பார்க்கும்: ரெண்டு வீட்டுல எது பெருசு, எது உங்க வாழ்க்கைக்கு ஏத்தது, வியாபாரம் வேலை எதுலயாவது இன்னும் கை இருக்கா, நேரம் எங்க போகுது, குடும்பம் எங்க, அப்புறம், மனசுக்கு நெருக்கமான பொருள் எல்லாம் எங்க இருக்கு. கடைசியில சொன்னது தான் பல பேருக்குப் புரியறதில்ல. ஃபுளோரிடா வீட்டுல புது சோஃபா புது டிவி எல்லாம் இருக்கும், ஆனா கல்யாண ஆல்பம், பாட்டி கொடுத்த நகை இருக்கற பேங்க் லாக்கர், பூஜை அலமாரி, கொலு பொம்மைப் பெட்டி எல்லாம் பழைய வீட்டுலயே இருக்கும், நவராத்திரிக்கு ஒவ்வொரு வருஷமும் இங்க வந்து தான் படி கட்டுவாங்க. ஆடிட் பண்றவருக்கு கொலுன்னா என்னன்னு தெரியாம இருக்கலாம், ஆனா சாமான் மாத்தின மூவர்ஸ் பில்லு எங்க, வீட்டுப் பொருளுக்கு எடுத்த இன்ஷூரன்ஸ் எந்த முகவரிக்குன்னு கேட்கத் தெரியும். 2017ல நியூயார்க் வரித் தீர்ப்பாயத்துல ஒரு கேஸ், மன்ஹாட்டன்லேர்ந்து டாலஸுக்கு மாறின ஒருத்தர், நியூயார்க் அபார்ட்மென்டை விடவே இல்ல, ஆனாலும் ஜெயிச்சார், அதுல நீதிபதி எடுத்துக்கிட்ட முக்கியமான சாட்சி அவர் தன்னோட நாயை டாலஸுக்குக் கூட்டிட்டுப் போனது தான். அவ்வளவு நுணுக்கமாப் பார்ப்பாங்க. ஈஸிபாஸ் (கார்ல ஒட்டற டோல் கருவி) பதிவு, செல்ஃபோன் பதிவு, கிரெடிட் கார்டு எந்தக் கடையில எந்தத் தேதியில தேய்ச்சீங்க, எல்லாத்தையும் கேட்பாங்க, நீங்க கொடுக்கற நாள்காட்டியோட ஒப்பிட்டுப் பார்ப்பாங்க.

ஃபுளோரிடா பக்கம் செய்ய வேண்டியது எல்லாம் ஓரளவு எல்லாருக்கும் தெரியும்: லைசென்ஸ் மாத்தறது, கவுன்ட்டி கோர்ட் கிளார்க் ஆபீஸ்ல டொமிசைல் அறிவிப்பு பதிவு பண்றது, உயிலை அங்க திருப்பி எழுதறது, ஃபெடரல் ரிட்டர்ன்ல அந்த முகவரி. வோட்டர் பதிவும் இந்தப் பட்டியல்ல எப்பவும் இருக்கும், அதைச் சிட்டிசன் மட்டும் தான் பண்ணணும். கிரீன் கார்டுல இருக்கறவங்க தயவுசெஞ்சு இந்தப் பட்டியலைப் பார்த்து வோட்டர் பதிவு பண்ணிடாதீங்க, லைசென்ஸ் ஆபீஸ்ல ஃபார்ம்லயே பதிவு பண்ணிக்கறீங்களான்னு கேள்வி வரும், அங்கயும் வேண்டாம்னு தெளிவாச் சொல்லணும், தவறிப் பண்ணினாக் கூட குடியுரிமை கேட்கறப்ப பெரிய ஆபத்து.

இதுல பணமே நேரடியாப் போற ஒரு இடம் ஹோம்ஸ்டெட். ஃபுளோரிடாவுல நிரந்தரமா குடியிருக்கற வீட்டுக்கு சொத்து வரியில ஹோம்ஸ்டெட் விலக்கு உண்டு, அதோட வருஷத்துக்கு வீட்டு மதிப்பு 3 சதவீதத்துக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு வரம்பும் உண்டு. ஜனவரி 1ல அது உங்க நிரந்தர வீடா இருக்கணும், மார்ச் 1க்குள்ள அப்ளை பண்ணணும். இதை வாங்கிட்டு, இன்னொரு பக்கம் நியூயார்க் வீட்டுக்கு ஸ்டார்ங்கற சொத்து வரிச் சலுகையோ, நியூஜெர்சி வீட்டுக்கு ஆங்கர், சீனியர் ஃப்ரீஸ்னு தர்ற சொத்து வரி உதவிப் பணமோ வாங்கிக்கிட்டு இருந்தீங்கன்னா ரெண்டு ஸ்டேட்லயும் மாட்டிப்பீங்க. அதெல்லாம் இது தான் என் முக்கிய வீடுன்னு கையெழுத்துப் போட்டு வாங்கறது. ஒரே ஆள் ரெண்டு வீட்டை முக்கிய வீடுன்னு சொல்லியிருந்தா பழைய ஸ்டேட் ஆடிட்டருக்கு வேற சாட்சியே வேண்டாம், ஃபுளோரிடா கவுன்ட்டியும் தப்பா வாங்கின ஹோம்ஸ்டெட்டை பத்து வருஷம் வரைக்கும் பின்னாடி போய் வசூல் பண்ணலாம், மேல 50 சதவீதம் அபராதம், வருஷத்துக்கு 15 சதவீத வட்டி. பழைய சலுகையில சிலது தானா வருஷா வருஷம் புதுப்பிச்சுக்கிட்டு இருக்கும், பல பேர் கவனிக்கறதே இல்ல. வீடு மாத்தற முதல் வேலையா அதை எழுதிக் கொடுத்து நிறுத்துங்க.

கணவர் ரிட்டையர் ஆகி ஃபுளோரிடா, மனைவி இன்னும் ரெண்டு வருஷம் வேலைன்னு நியூஜெர்சியிலயே இருக்காங்கங்கற நிலைமை நம்ம வீடுகள்ல ரொம்ப சகஜம். அந்த ரெண்டு வருஷம் டொமிசைல் மாறிடுச்சுன்னு சொல்றது ரொம்பக் கஷ்டம், குடும்பம் அங்கேயே இருக்கே. அதே மாதிரி பெத்தவங்களுக்காக பிள்ளை வாங்கற வீடு: நியூஜெர்சியில குடியிருந்த ஒருத்தர் ஸ்டேட்டன் ஐலண்ட்ல அப்பா அம்மா தங்கறதுக்காக ஒரு வீடு வாங்கினார், அவருக்கு வியாபாரம் அங்க, தினமும் போய் வருவார். வீடும் இருக்கு, 183 நாளும் தாண்டுதுன்னு நியூயார்க் அவரை ரெசிடென்ட்னு சொல்லிடுச்சு. 2014ல தான் நியூயார்க் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த வீட்டை அவரே தன் வசிப்பிடமா வச்சிருந்தாத் தான் கணக்குன்னு அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. பேர்ல இருந்தா மட்டும் போதாதுங்கறது நல்ல செய்தி, ஆனா அதுக்கு அவர் வருஷக்கணக்கா அலைய வேண்டியிருந்தது.

ரெண்டு ஸ்டேட்லயும் வருமான வரி இருந்தா இன்னும் மோசமான நிலை ஒண்ணு உண்டு, கனெக்டிகட்ல டொமிசைல், மன்ஹாட்டன்ல அபார்ட்மென்ட், 183 நாள் தாண்டியாச்சு. ரெண்டு ஸ்டேட்டும் உங்களை முழு ரெசிடென்ட்னு சொல்லும். ஒரு ஊர்ல கட்டினதை இன்னொரு ஊர்ல கழிச்சுக்கலாமேன்னு தோணும், சம்பளத்துக்கு அது சரி, ஆனா வட்டி, டிவிடெண்ட், பங்கு லாபத்துக்கு இது தான் பிறந்த இடம்னு ஒண்ணு இல்லாததால நியூயார்க் கழிக்க விடறதில்ல. இதை எதிர்த்துப் போன கேஸ்கள்ல 2018ல நியூயார்க் கோர்ட் ஸ்டேட் பக்கம் தான் நின்னது, 2019ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரிக்கவே எடுத்துக்கல. 1996 சட்டமும் இங்க காப்பாத்தாது, அது ரெசிடென்ட் இல்லாதவங்களுக்கு மட்டும் தான்.

டொமிசைல் சுத்தமா மாறினதுக்கு அப்புறமும் பழைய ஊர் வரி கேட்கற வருமானம் சிலது இருக்கு. அங்க இருக்கற வீட்டு வாடகை, அந்த வீட்டை வித்த லாபம், அங்க போய் செஞ்ச கன்சல்டிங் வேலை. ஐடியில இருந்தவங்களுக்கு ஆர்எஸ்யூ (கம்பெனி சம்பளத்தோட தர்ற பங்கு) முக்கியம், கலிஃபோர்னியாவுல வேலை பார்த்த காலத்துக்குச் சேர வேண்டிய பங்கு, நீங்க டெக்சாஸ் போனதுக்கு அப்புறம் கைக்கு வந்தாலும் அந்தப் பகுதிக்கு கலிஃபோர்னியா வரி உண்டு, ரிட்டையர்மென்ட் பணம்னு சொல்ல முடியாது. கம்பெனி தள்ளி வச்சுக் கொடுக்கற சம்பளம் இருந்தா அதை பத்து வருஷமோ அதுக்கு மேலயோ சம தவணையா வாங்கினாத் தான் 1996 சட்டத்தோட பாதுகாப்பு, ஒரே தடவை மொத்தமா வாங்கினா பொதுவா அது கிடைக்காது, இதைத் தேர்ந்தெடுக்கற ஃபார்ம் வேலையை விடறதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துடும்.

வீட்டை விக்கறதுலயும் ஒரு கெடு இருக்கு. ஃபெடரல்ல, கடைசி அஞ்சு வருஷத்துல ரெண்டு வருஷம் முக்கிய வீடா குடியிருந்தா ஜோடிக்கு 5,00,000 டாலர் வரைக்கும் லாபத்துக்கு வரி இல்ல, நியூஜெர்சியும் அதையே ஏத்துக்கும். ஃபுளோரிடா தான் என் வீடுன்னு சொன்ன நாளையிலேர்ந்து மூணு வருஷம் தாண்டிட்டா நியூஜெர்சி வீட்டுக்கு அந்தச் சலுகை போயிடும். முப்பது வருஷம் முன்னாடி வாங்கின வீட்டுல லாபம் எவ்வளவு இருக்கும்னு உங்களுக்கே தெரியும், பல வருஷம் மிச்சம் பண்ணின ஸ்டேட் டாக்ஸை இந்த ஒரு விற்பனை முழுங்கிடலாம். ரெசிடென்ட் இல்லாம விக்கறப்ப க்ளோசிங்லயே (வீட்டைக் கைமாத்திக் கொடுக்கற அன்னிக்கே) ஒரு தொகையை முன்கூட்டிப் பிடிச்சுக்குவாங்க, எக்ஸிட் டாக்ஸ்னு பேரு வச்சுட்டாங்களே தவிர அது தனி வரி இல்ல, ரிட்டர்ன் போட்டா அதிகமாப் பிடிச்சது திரும்பி வரும்.

மாறற வருஷம் ரெண்டா உடையும், மாறின தேதி வரைக்கும் வந்த பணம் பழைய ஸ்டேட்டுக்கு, அதுக்கு அப்புறம் வந்தது புது ஸ்டேட்டுக்கு. அதனால பெரிய ராத் கன்வர்ஷன், பெரிய பங்கு விற்பனை எல்லாம் மாறி முடிச்ச தேதிக்கு அப்புறம் வைக்கணும், முடிஞ்சா அடுத்த வருஷம். 401கே, ஐஆர்ஏ கம்பெனிகள்ல முகவரி மாத்தி, ஸ்டேட் வரி பிடிக்கறதை நிறுத்தச் சொல்லுங்க, எவ்வளவு பணம் எடுத்தீங்கன்னு அவங்க அனுப்பற 1099-ஆர் ஃபார்ம்ல ஸ்டேட் கட்டத்துல பழைய ஊர் பேரு இருந்தா அங்கேருந்து கேள்வி வரும். பழைய ஊர்ல வாடகை மாதிரி ஏதாவது வருமானம் இருந்தா ரெசிடென்ட் இல்லாதவரா ஒரு ரிட்டர்னை ஒழுங்காப் போட்டுடுங்க, நியூயார்க்ல ரிட்டர்ன் போட்டா பொதுவா மூணு வருஷத்துல ஆடிட் கெடு முடிஞ்சுடும், போட வேண்டியதைப் போடவே இல்லன்னா எத்தனை வருஷம் கழிச்சும் அவங்க கேட்கலாம். ஈஸிபாஸ், விமான டிக்கெட், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாத்தையும் வருஷவாரியா ஒரு ஃபைல்ல போட்டு வைங்க, அந்தந்த மாசமே போட்டா அஞ்சு நிமிஷ வேலை, மூணு வருஷம் கழிச்சு ஞாபகத்துலேர்ந்து எழுதினா ஆடிட்டர் கிட்ட அது நிக்காது.